பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த படம்

அந்தப் படத்தை, கீழே சிங்களத்தில் வசனம் ஓடும்படி இறக்கி எடுக்கிற பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எல்லாம் கருத்து எழுதி வைத்திருக்கிறார்கள். பொழுது போகாவிட்டால் இப்போதும் அங்கே போய் வாசிப்பேன். வாசித்துவிட்டு வயிறெரிவேன். கதை மருந்துக்கும் இல்லை என்கிறார் ஒருவர். இரத்தத்தை வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். வேறொருவர் பெரிய மனுசத்தனமாக, சண்டைப் படம் பிடிக்குமென்றால் தனியாகப் பாருங்கள், குடும்பத்தோடு உட்கார வேண்டாம் என்று புத்தி சொல்லியிருக்கிறார். இவர்மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம். நாங்கள் அதைக் குடும்பத்தோடுதான் பார்த்தோம். ஒரு குடும்பம் இல்லை, இரண்டு. அதுவும் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

எந்த நாட்டுப் படம் என்று எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஒரு துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற ஆள். அவனுடைய தம்பியை ஒரு கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அண்ணன் தேடிப் போகிறான். போகிற வழியெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். இவன் கையாலும் காலாலும் முழங்கையாலும் அடித்து, கடைசியில் ஒரு குட்டைக் கத்தியையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராகச் சாய்த்துப் போட்டபடி போகிறான். தம்பியைத் தேடி அண்ணன் போவது கதையில்லாமல் வேறு என்னவாம்?

எங்களுடையது யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற தாய்மார் விடியும்போதே பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பகல் முழுக்கப் பாட்டும் பந்தும் தாலாட்டும்தான். யாரையும் அதட்டக் கூடாது, முறைக்கக் கூடாது. அப்படி ஒரு நாளை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கு யாராவது யாரையாவது போட்டு அடிப்பதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் மனசு அடங்கும். நான் என்ன செய்ய, என் புத்தி அப்படி.

அது அப்பா இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். அப்பாவுக்குச் சிங்களம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுத்துத் தெரியாது. படம் ஓட ஓட, கீழே வருகிற சிங்கள எழுத்தை நான் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். வில்லனுக்குத் தடித்த குரல், கிழவனுக்கு இருமல் குரல் என்று ஆளுக்கு ஒரு குரல் வேறு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவுக்கு ருசிக்காது. சண்டைப் படத்தில் பேச்சுக் குறைவு. இருப்பதும் "எங்கே அவன்?", "சொல்லுடா!", "நீ செத்தாய்!" மாதிரிச் சின்னச் சின்னதுதான். நான் சிங்களம் வாசிக்கப் பழகியது அப்படித்தான். பிற்காலத்தில் வேலைப் பயிற்சிக்குப் போன இடத்தில் எல்லாமே சிங்களத்தில் நடந்தது. என் வாசிப்பைப் பார்த்துவிட்டு, சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன். வேறென்ன சொல்ல?

அப்பா போன பிறகு நான் தனியாகப் பார்த்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பொம்பளப் புள்ள பாக்குற படமா இது" என்று முணுமுணுப்பாள். எழுந்து போகவும் மாட்டாள்.

எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் பார்க்க வந்த இடமெல்லாம் தட்டிப் போனதற்கு என் வாய்தான் காரணம் என்பது அம்மாவின் முடிவு. அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு வீட்டார் என் முன்னாலேயே அம்மாவிடம், "கலியாணத்துக்குப் பொறகு வேலைய வுட்டுடுவாதானே?" என்று கேட்டார்கள். "அவ இங்கதான் நிக்கிறா, அவகிட்டயே கேளுங்க" என்றேன். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. இன்னொரு மாப்பிள்ளை, பாடத் தெரியுமா என்று கேட்டான். உங்களுக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். அதுவும் போயிற்று. எனக்குக் கவலை இல்லை. அம்மாவுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உடம்பு ஒரு சுற்று இளைத்துப் போகும்.

அதனால் கேகாலைக்காரர்கள் வருவதாகச் சொன்னதும் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கேட்டதற்கு மட்டும் பதில். சொந்தமாக ஒரு சொல் வரக் கூடாது. படம் கிடம் என்று மூச்சுக் காட்டவே கூடாது. "டவுன்ல கடை வச்சிருக்கவங்க, தோட்டத்துப் பொண்ணு கேட்டு லயத்துக்கு வர்றதே பெருசு. இதையும் வாயாலே கெடுத்துக்காத" என்றாள். அந்தக் கடைசி வசனம் எனக்கு எரிந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. மழை நாளில் பால் வெட்டு இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. அந்தத் தலைகளையெல்லாம் தாண்டி வேனிலிருந்து இறங்கி வந்தார்கள் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும். நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாக்காரி உட்காருவதற்கு முன் கதிரையைச் சேலைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதே ஜன்னல் வழியாக இன்னொன்றையும் பார்த்தேன். எல்லோரும் உள்ளே போன பிறகு மாப்பிள்ளை மட்டும் திரும்பி வந்து, வாசலில் மழைத் தூவானத்தில் கிடந்த செருப்புகளை எடுத்துச் சுவரோரம் நனையாத இடத்தில் வைத்தார். தன்னுடையதை மட்டுமல்ல, அம்மாவுடையதை, அப்பாவுடையதை, அங்கே கிடந்த என்னுடைய பழைய ரப்பர் செருப்பையும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஆளைப் பிடித்தது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு அம்மா வாங்கிய சத்தியம் எனக்கே தேவையாகிவிட்டது. இந்தத் தடவை கெட்டுப் போகக் கூடாது என்று நானே நினைத்தேன்.

தேத்தண்ணித் தட்டோடு போய் நின்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். என்னைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன், அவ்வளவு அடக்கம். மாப்பிள்ளையின் அம்மா முறுக்கில் பாதியை உடைத்து மெதுவாகக் கடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்லி அனுப்புறோங்க" என்றார். இப்படிச் சொன்னவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதில்லை. அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

அவர்கள் எழுந்திருக்கப் போகும்போது வேன் ஓட்டி வந்தவர் குடையோடு வந்து நின்றார். சிங்களப் பிள்ளை, கலியாண வயசு ஆள். "பாலத்துக்கு மேல தண்ணி போகுது. இப்ப போக ஏலாது" என்றார். தோட்டத்து ரோட்டில் ஓடையைத் தாண்டுகிற சின்னப் பாலம் அது. பெரிய மழை வந்தால் முங்கிவிடும். தண்ணீர் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டு, "வா மல்லி, இரி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி, கதவுப் பக்கம் பாயில் உட்கார வைத்தாள்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "டிவிய போடுங்க, வெள்ளத்தப் பத்தி ஏதாச்சும் சொல்லுவான்" என்று ரிமோட்டை எடுத்தார். மழையில் எங்கள் டிஷ் எங்கே பிடிக்கப் போகிறது? திரை கறுப்பாகவே இருந்தது. அவர் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். பென்டிரைவ் பின்னால் சொருகினபடி இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைப் பிடுங்கக் காலெடுத்தேன். அதற்குள் படம் வந்துவிட்டது, நான் முதல் நாள் பாதியில் நிறுத்திய அதே இடத்தில். அண்ணன்காரன் ஒருவனை ஐஸ் பெட்டிமேல் சாய்த்து, கழுத்தில் கத்தியை வைத்து இழுத்தான். வெள்ளை ஐஸ் முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"முருகா!" என்று கத்தினார் மாப்பிள்ளையின் அம்மா.

"அது பக்கத்து வீட்டுப் பயலுடையதுங்க, அவன்தான் கொண்டாந்து சொருகிட்டுப் போயிட்டான்" என்று அம்மா ஒரே மூச்சில் சொன்னாள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லை, குரல் உச்சிக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் எதுக்கு அவன வெட்டுறான்?" என்று பொதுவாகக் கேட்டார். "காசுக்கா?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நல்ல மனுசனைக் காசுக்கு வெட்டுகிறவன் என்று சொன்னால் எப்படி?

"இல்லைங்க. அவன் தம்பிய தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பயல் அங்கேயே செத்தான். மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர, "அப்படியா! அப்ப மொதல்லருந்து போடும்மா" என்று ரிமோட்டை என் கையில் தந்தார்.

படம் தொடங்கியது. அவருக்கு இன்னொரு சிக்கல். "கீழ எழுதுறான், எனக்குச் சிங்கள எழுத்து வராதே. கடையில பேசுறதோட சரி" என்றார். அவருடைய மனைவியும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு வாசிக்க வரும், ஆனால் வாசிப்பதற்குக் கண் திறந்திருக்க வேண்டும். முதல் அடி விழுந்ததுமே அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அப்படியாக அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டியவள், கதவு நிலையில் சாய்ந்து நின்று, கொலைகாரர்கள் பேசுவதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் அடக்கமாகத்தான் வாசித்தேன். குரலை மாற்றவில்லை. கெட்ட வார்த்தை வந்தால் விழுங்கிவிட்டேன். கூட்டத் தலைவன் கையில் கம்பியோடு வந்து ஏதோ கத்தினான். "நீ இங்கே வந்திருக்கக் கூடாது" என்று சொன்னேன். வேன்காரர் பாயில் உருண்டு சிரித்தார்.

"அக்கே, அங்க 'நாயே' இருக்கு. நீங்க நாய வுட்டுட்டீங்க."

"நாய ஏம்மா வுட்டே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "உள்ளத உள்ளபடி வாசி. எனக்குக் கதை வெளங்க வேணாமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரை மோட்டைப் பார்த்தாள். சரி, நடப்பது நடக்கட்டும் என்று அப்பாவுக்கு வாசித்த மாதிரியே வாசித்தேன். நாயும் வந்தது, நாயைவிட மோசமானதும் வந்தது. தடித்த குரல், இருமல் குரல், தம்பிக்காரனுக்கு அழுகைக் குரல். வாசிக்க வாசிக்க எனக்குக் கூச்சம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், சந்தோசமாகவே இருந்தது. அப்பா போன பிறகு நான் யாருக்கும் வாசித்ததில்லை.

பார்த்தவர்கள் சும்மா பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா விரல்களால் கண்ணை மூடி, விரலிடுக்கால் ஒன்றுவிடாமல் பார்த்தார். "ஐயோ, இவ்வளவு ரத்தத்தையும் யாரு கழுவுறது? தண்ணி ஊத்தினா போகுமா இது?" என்று அவருக்குக் கவலை. ஆள் சாகிறதைப் பற்றி அவ்வளவு இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தம்பி எங்கே என்பது மட்டும்தான். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் "இங்க இருக்கானா?" என்பார். வேன்காரருக்கு நல்லவன் கெட்டவன் பேதமில்லை, யார் உதைத்தாலும் கைதட்டினார்.

சத்தியம் வாங்கியவளே கடைசியில் வாயைத் திறந்தாள். ஹீரோ கத்தியை எடுத்து முஷ்டியாக இறுக்கிப் பிடித்ததும் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அப்படிப் புடிச்சா மணிக்கட்டு ரெண்டே வெட்டுல வலிச்சிரும்டா. வெரல்ல புடி" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த ஆளை அவன் ஆழமாக வெட்டியபோது, "இந்த மாதிரி வெட்டினா எங்க கங்காணி அன்னைக்கே வெரட்டிருப்பாரு. மரத்துல இப்படிக் காயம் வச்சா பட்ட பொழைக்குமா?" என்றாள். சொல்லிவிட்டுத்தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க பால் வெட்டினீங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"முப்பது வருசமா வெட்டினேங்க. இப்பதான் நின்னேன்."

அவர் கதிரையிலிருந்து இறங்கி, பாயில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் வலது கையை எடுத்து, கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலைத் தடவிப் பார்த்தார். "எங்கம்மா வெரலும் இப்படித்தான் இருக்கும். இரத்தினபுரிப் பக்கம் தோட்டத்துல இருந்தாங்க" என்றார். பிறகு கையை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். கதிரையைத் தட்டினதற்காக நான் அவர்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் கரைந்துவிட்டது. பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. அடி விழுகிற சத்தம் சற்று ஓய்ந்ததும், யாரையும் பார்க்காமல் மெல்லிய குரலில், "முடிஞ்சிருச்சா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க" என்றேன் பின்னாலிருந்து.

நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். பிறகு ஒவ்வொரு சண்டைக்கும் கேட்டார், நானும் சொன்னேன். முடிந்துவிட்டது என்றால் கண்ணைத் திறப்பார். ஒரு தடவை ஹீரோ சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை அவனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரமா அடி வாங்குறான், யாரும் அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல" என்றார். வேன்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவள், அது என் கண்ணில் பட்டதே இல்லை. செருப்பை எடுத்து வைத்த அதே மனுசன்தான் என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடம் தட்டிப் போனால் நான் அழுவேன் என்பதும் அப்போது தெரிந்துவிட்டது.

நேரம் போயிற்று. மத்தியானம் தாண்டியும் மழை விடவில்லை. அடுப்படியில் காலையிலேயே ஆக்கி வைத்த சோறு இருந்தது. பலாக்கொட்டைக் கறியும், பொரித்த கருவாடும். கருவாட்டு வாசம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரெண்டு வாய் சாப்பிடுறீங்களா?"

அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களுடைய வழக்கம். தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், அதெல்லாம் கணக்கில்லை. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். கை வைத்துவிட்டு மாறுவது பெரிய மானக்கேடு, பேச்சு ஊர் ஊராகப் போகும்.

"பரவாயில்லைங்க. தண்ணி வடிஞ்சதும் கெளம்பிருவோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது இன்னும் சம்மதமில்லை என்பதைத்தான்.

அம்மா முகம் விழுந்துவிட்டது. "அப்ப மல்லிக்காவது குடுக்கிறேன்" என்று எழுந்து உள்ளே போனாள். வேன்காரருக்கு என்ன வழக்கம், அவர் சாப்பிடலாமே. நான் வாசித்துக்கொண்டே நின்றேன். எல்லோருக்கும் வில்லனுடைய குரலையே வைத்துச் சமாளித்தேன்.

படம் கடைசிச் சண்டைக்கு வந்துவிட்டது. தம்பியைக் கட்டி வைத்திருக்கிற அறை. கதவை உடைத்து அண்ணன் உள்ளே வருகிறான். மாப்பிள்ளையின் அப்பா கதிரையை விட்டு எப்போதோ பாய்க்கு இறங்கி, நகர்ந்து நகர்ந்து வேன்காரர் பக்கத்தில் திரைக்குக் கிட்டப் போயிருந்தார். "இந்தா இருக்கான்! தம்பி இந்தா இருக்கான்!" என்று கூவினார். அந்த நேரம் பார்த்து அம்மா வேன்காரருக்குச் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்தாள். மறைக்காமல் கொடுக்க வேண்டுமே என்று, மாப்பிள்ளையின் அப்பா தோளுக்கு மேலாகத் தட்டை நீட்டினாள்.

பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தித் தட்டை வாங்கினார். மடியில் வைத்தார். பிசைந்தார். ஒரு கவளம் வாயில் போட்டார். கருவாட்டையும் கடித்தார். வீட்டில் டிவி பார்க்கும்போது அவர் மனைவி தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுப்பதுதான் வழக்கமாம், பிறகு சொன்னார்கள். கை பழக்கத்துக்கு வாங்கிவிட்டது.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வேன்காரர் நீட்டின கையோடு வெறுமனே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கவளம் உள்ளே போனபோது மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார்.

"என்னங்க! கை நனைச்சிட்டீங்களே!"

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். சோறும் குழம்புமாக அது அந்தரத்தில் நின்றது. "ஐயையோ" என்றார். விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வாயில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். டிவியில் மட்டும் அடி விழுந்துகொண்டிருந்தது.

அம்மா நிமிர்ந்து நின்றாள். அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு கவளத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களை மடக்கியிருக்கலாம். வேறு தாய் மடக்கியிருப்பாள்.

"பரவாயில்லைங்க" என்றாள். "தெரியாம செஞ்சதுதானே. நாங்க இத ஒண்ணா எடுத்துக்க மாட்டோம். வெளிய யாருக்கும் சொல்லவும் மாட்டோம். நீங்க மனசு கஷ்டப்படாம போய் யோசிச்சிச் சொல்லுங்க."

எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அவள்மேல் கோபமாகவும் இருந்தது. இவ்வளவு நல்லவளாக இருந்து என்னத்தைக் கண்டாய் என்று கேட்கத் தோன்றியது.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். சண்டை முடியவில்லை. திரை முழுக்க இரத்தம், ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

அத்தனை கொலைகாரர்களுக்கும் குரல் கொடுத்த எனக்கு என் குரல் வரவில்லை. தலையை ஆட்டினேன். ஒரு தடவை ஆட்டினால் போதாதோ என்று மறுபடியும் ஆட்டினேன்.

அவர் எழுந்து வாசலுக்குப் போய், மோட்டிலிருந்து ஊற்றுகிற மழைத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அப்பா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் போடுங்க அத்தை. நான் தெரிஞ்சேதான் சாப்பிடுறேன்."

அம்மா தட்டும் கரண்டியுமாக வந்தாள். முப்பது வருசம் கத்தி பிடித்த கை, ஒரு மரத்துக்கும் காயம் வைக்காத கை. அன்றைக்குக் கரண்டியில் சோறு நிற்கவில்லை. பாதி தட்டிலும் பாதி பாயிலும் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா நகர்ந்து வந்து பாயில் சிந்தினதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கி முடித்துவிட்டு, "எனக்குக் கருவாடு வேணாம் சம்பந்தி. பலாக்கொட்டை மட்டும் போதும்" என்றார். நான் பத்திரமாக வைத்திருந்த மீதிக் கோபத்தையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "ஏம்மா நிப்பாட்டிட்ட? அவன் தம்பி என்னமோ சொல்றானே, வாசி" என்றார் பெரியவர்.

திரையைப் பார்த்தேன். எழுத்து வந்தது. எனக்குத்தான் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். எல்லா எழுத்தும் ஒன்றோடொன்று கலங்கிக் கிடந்தது. திரையில் இன்னும் ஒருவன் விழுந்திருப்பான் போல, மாப்பிள்ளை கையில் சோற்றை வைத்துக்கொண்டு மறுபடி கண்ணை இறுக்கி மூடினார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

நான் பதில் சொல்லாததைப் பார்த்துவிட்டு, வேன்காரர் எனக்காக வாசித்தார். "'ஒக்கோம இவரய்.' எல்லாம் முடிஞ்சி. 'கெதர யமு.' வீட்டுக்குப் போவோம் சொல்றான்." அதோடு அம்மா பக்கம் திரும்பி, "எனக்கு சோறு?" என்றார்.

மாமா அதற்குள் தன் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார்.